‘வேணும்’ என்று ஸ்பானிஷில் சொல்லப் படித்தேன்

(பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு மாணவி)



இந்த மாதச் சுவர் இதழுக்கு “பள்ளிக்கு வெளியே நான் கற்றது” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நீச்சல், தையல், ஸ்கூட்டர், பரோட்டா வீசுவது என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். (பரோட்டா பற்றி எழுதப்போவது யார் என்று எங்கள் வகுப்புக்கே தெரியும்!) நான் கற்றது ஒரே ஒரு சொல். அதுவும் ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல். ஒரு சொல்லுக்கு ஒரு முழுத்தாளா என்று கேட்காதீர்கள். அந்தச் சொல் அப்படிப்பட்டது.

முதலில் நம் தமிழிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘வா’ என்று ஒரு சொல் இருக்கிறது. வருகிறான் என்கிறோம், ‘வா’ குறுகி ‘வரு’ ஆகிவிட்டது. வந்தான் என்கிறோம், இப்போது ‘ரு’வையும் காணோம். நம்ம ஊர்ப் பேச்சில் ‘வாரான்’ என்று மறுபடியும் நீண்டுவிடுகிறது. கேள் – கேட்டான், நில் – நின்றான், கல் – கற்றான், காண் – கண்டான். இதையெல்லாம் நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பால்வாடி போவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு வெளிநாட்டுக்காரர் ‘வந்தான்’ என்று காதில் கேட்டுவிட்டு அகராதியைத் திறந்தால் என்ன ஆகும்? ‘வந்தனம்’ இருக்கும், ‘வந்தான்’ இருக்காது. ‘வா’வுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

என் நிலைமை அதுதான். என் காதில் விழுந்த சொல் ‘கியேரே’. கையில் இருந்தது மாமா மும்பையில் வாங்கி வைத்திருந்த ஸ்பானிஷ் – ஆங்கிலக் கையடக்க அகராதி. அதில் கியேரே இல்லை. கியேரோ இல்லை. கியேரென் இல்லை. எல்லாம் ‘கெரேர்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு இருந்தன. அர்த்தம்: வேண்டும், விரும்பு.

இது எப்படி என் காதில் விழுந்தது என்று சொல்கிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போனவர். ஆச்சி வீடு புன்னைக்காயல். நம்ம தாமிரபரணி பாபநாசம், சேரன்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி வந்து கடலில் சேருகிற இடம் அது. அங்கே ஆண்பிள்ளைகள் ஒன்று வள்ளத்தில் போவார்கள், இல்லை கப்பலில் போவார்கள். மாமா கப்பலுக்குப் போனார். ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் ஊர். 2024 ஆகஸ்டில், தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் காயாவோ துறைமுகத்தில், சரக்கு அறைக்குள் இறங்குகிற ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். கப்பல் காத்திருக்காது அல்லவா, அது போய்விட்டது. மாமா மட்டும் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

அவருடைய போனும் விழுந்த வேகத்தில் நொறுங்கிப்போயிற்று. டாக்டருக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் அவர் காலையில் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரம் முழுவதும் பக்கத்தில் இருந்தது ஒரு நர்ஸ் அம்மா. அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். ஏஜென்ட் கொடுத்த எங்கள் வீட்டு நம்பருக்கு அந்த அம்மா தன் சொந்தப் போனில் கூப்பிட்டார். நமக்கு ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே அன்று காலை ஒன்பதரை. பத்தரை மணி நேரம் வித்தியாசம். தினமும் எட்டு மணிக்கு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்அறையில் எல்லோரும் கூடிவிடுவோம். ஆச்சியையும் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

‘போனில் மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே’ என்று நீங்கள் நினைப்பீர்கள். இருக்கிறது. எழுதி அனுப்பினால் நன்றாகவே மொழிபெயர்க்கும். ஆனால் அந்த அம்மா கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டே பேசுவார். பின்னால் டிராலிச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். ஆப் திணறிப்போய் நின்றுவிடும். மனுஷர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது நடுவில் ஒரு போனை நீட்டிக்கொண்டு நிற்பதும் நன்றாக இல்லை. அதனால் நான் படித்தேன். முழு மொழியும் இல்லை. அந்த அம்மா ஒரு நிமிஷத்துக்கு நாலு தடவை சொன்ன சொல்லை மட்டும்.

இப்போது கொஞ்சம் இலக்கணம். ஓடிவிடாதீர்கள், சுருக்கமாகத்தான்.

‘கெரேர்’ இப்படித் திரிகிறது. நான் வேண்டுகிறேன் என்பதற்குக் கியேரோ. நீ என்றால் கியேரெஸ். அவன், அவள் என்றால் கியேரே. அவர்கள் என்றால் கியேரென். ஆனால் நாங்கள், நாம் என்றால் கெரேமோஸ். கவனித்தீர்களா? எல்லாவற்றிலும் ‘கியே’ என்று வந்தது, ‘நாம்’ வந்ததும் பழையபடி ‘கெ’ ஆகிவிட்டது. ஸ்பெயினில் ‘நீங்கள்’ என்பதற்கு ‘கெரெய்ஸ்’ என்று இன்னொரு வடிவம் உண்டு, அதிலும் ‘கெ’தான். பெருவில் அதைப் பேச்சில் சொல்வதில்லை, அங்கே ‘நீங்கள்’ என்பதற்கும் கியேரென்தான். ஆக எனக்கு ஒரு வடிவம் மிச்சம். இடப்பக்கம் மூன்று ஒருமை, வலப்பக்கம் மூன்று பன்மை என்று ஆறு கட்டம் போட்டு, ‘கியே’ வருகிற நாலு கட்டத்தை மட்டும் கோடு போட்டுச் சுற்றினால் ஒரு பூட்ஸ் மாதிரிப் படம் வரும். அதனால் இந்த மாதிரி வினைகளுக்கு ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் பூட்ஸ் வினை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி மாறுகிறது என்று தெரிந்தபோதுதான் எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. ஸ்பானிஷில் ஒவ்வொரு சொல்லிலும் ஏதாவது ஒரு அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். கியேரோ என்பதில் அழுத்தம் முதல் அசையில், அதாவது வேர் மேலேயே விழுகிறது. பழைய லத்தீனிலிருந்து ஸ்பானிஷ் பிறந்தபோது, அழுத்தம் விழுந்த இடங்களில் ஒரு வகை ‘எ’ சத்தம் தாங்க முடியாமல் ‘இயே’ என்று இரண்டாகப் பிளந்துவிட்டது. கெரேமோஸ் என்று சொல்லும்போது அழுத்தம் வேரைத் தாண்டி ‘ரே’ மேலே போய்விடுகிறது. பாரத்தை விகுதிப் பக்கம் வாங்கிக்கொண்டது, வேர் உடையாமல் இருக்கிறது. பக்கத்து நாட்டுப் போர்த்துக்கீசியத்தில் இந்த உடைப்பே நடக்கவில்லை. நிலத்துக்கு ஸ்பானிஷில் தியெர்ரா, போர்த்துக்கீசியத்தில் தெர்ரா. ‘எனக்கு வேணும்’ என்பதற்கு அவர்கள் ‘கேரு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தூங்கு, திரும்பி வா, முடியும் என்கிற ஸ்பானிஷ் வினைகளும் இதே கூட்டம்தான், அவற்றில் ‘ஒ’ உடைந்து ‘உயெ’ ஆகும்.

இன்னொன்று. மரியாதையாக ‘உங்களுக்கு வேணுமா’ என்று எதிரில் இருப்பவரைக் கேட்பதற்கும் கியேரேதான். ‘அவர்’ என்பதற்கு உள்ள வடிவத்தையே ‘நீங்கள்’ என்பதற்கும் போட்டுவிடுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள நெல்லைக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. வாசலில் வந்து நிற்கிற பெரியவரைப் பார்த்தே “அண்ணாச்சி எப்ப வந்தாக? சாப்பிடுதாகளா?” என்று கேட்கிற ஊர் அல்லவா நம்முடையது!

இப்போது நம்ம ‘வேண்டும்’ பக்கம் வருவோம். அது எதற்கும் அசையாது. எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவனுக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும், மாட்டுக்கு வேண்டும். “ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது” என்று தமிழ் ஐயா சொல்வார்களே, அந்த வரிசை. ஸ்பானிஷ்காரர் ‘நான்’ என்று எழுவாயாக நின்று ஆசைப்படுகிறார். நமக்கு ‘எனக்கு’ என்று நாலாம் வேற்றுமையில் ஆசை எங்கிருந்தோ வந்து சேருகிறது. அதையே ‘நான்’ போட்டு வேண்டினேன் என்று சொல்லிவிட்டால் அர்த்தம் மாறிவிடும். அது ஜெபம், மன்றாட்டு. எங்கள் ஆச்சி வாயிலிருந்து ‘எனக்கு வேணும்’ என்று நான் கேட்டதே இல்லை. மீன் வைத்தால் வேணாம், புதுச்சேலை எடுத்தால் வேணாம், மாத்திரைகூட வேணாம். ஆனால் தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் முழங்காலில் நின்று மணிக்கணக்காக வேண்டுவாள்.

இந்த ‘வேண்டும்’ நம்ம கடற்கரையில் ஏற்கெனவே ஒருவரைப் படுத்தி எடுத்திருக்கிறது. அவர் யார் தெரியுமா? புனித சவேரியார். ஸ்பெயின் பக்கம் நவார் என்ற நாட்டில் 1506ல் பிறந்தவர். தாய்மொழி பாஸ்க், ஸ்பானிஷும் தெரியும். 1542ல் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசியம் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து, ஜெபங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். அப்படி மாற்றியதில் ‘நான் விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று வந்துவிட்டது. ‘கடவுளை நம்புகிறேன்’ என்பது ‘கடவுள் எனக்கு வேணும்’ என்கிற மாதிரி ஆகிவிட்டது. அதைப் பிறகு கண்டுபிடித்து, 1544ல் தன் உடன் ஊழியர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், இனி ‘வேணும்’ என்று சொல்ல வேண்டாம், அதற்கு வேறு அர்த்தம், விசுவாசம் என்கிற சொல்லைப் போடுங்கள் என்று எழுதினார். நானூற்று எண்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கடிதத்தில் நம்ம ‘வேணும்’! நூலகத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்கென்னவோ மொழிபெயர்த்த அந்தக் கடற்கரை ஆட்கள் ரொம்ப ஒன்றும் தூரம் போய்விடவில்லை என்றே தோன்றுகிறது. தமிழில் நெருக்கமானவரை ‘வேண்டியவர்’ என்றுதானே சொல்கிறோம்? ஆகாதவர் ‘வேண்டாதவர்’.

அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் பெரிய ஆள். என்ரிக்கே என்ரிக்கஸ், போர்த்துக்கல் நாட்டில் 1520ல் பிறந்தவர், அண்டிரிக் அடிகளார் என்றும் நம்மவர்கள் சொல்வார்கள். 1546ல் இந்தியா வந்தார், அடுத்த வருஷமே முத்துக்குளித்துறை. எங்கள் புன்னைக்காயலில்தான் நெடுங்காலம் இருந்தார். 1578ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழில் ஆக்கியது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிற பழைய புத்தகம் அது. ஆனால் என்னைக் கவர்ந்தது அதற்கும் முன்னால் அவர் செய்த வேலை. லத்தீன் படிக்கிறவர்கள் வினைகளை வாய்ப்பாடாக ஒப்பிப்பது போல, அவர் தமிழ் வினைகளைப் பிடித்து, நான், நீ, அவன், நேற்று, இன்று, நாளை என்று கட்டம் கட்டமாகத் திரித்து எழுதிக்கொண்டார். இறந்தகாலத்தைக் கண்டுபிடிக்கவும் எதிர்காலத்தைக் கண்டுபிடிக்கவும் தான் எவ்வளவு பாடுபட்டேன் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். பாடுபடாமல் என்ன? ‘கேள்’ளைக் ‘கேட்டேன்’ என்றும் ‘நில்’லை ‘நின்றேன்’ என்றும் அவருக்கு எந்த அகராதி சொல்லியிருக்கும்! அவரே ஒரு இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் முதலாவது அதுதான். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. 1982ல் ஹான்ஸ் வெர்மீர் என்ற ஜெர்மன் அறிஞர் அதைப் பதிப்பித்தார். 2013ல் ஜீன் ஹைன், வி.எஸ்.ராஜம் இருவரும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். ஏட்டுத் தமிழை விட, அன்றைக்கு நம்ம கடற்கரையில் பேசிய தமிழ்தான் அதில் அதிகம்.

நான் தரையில் உட்கார்ந்து ஆறு கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது இந்த மனுஷரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் எங்கள் ஊர் மணலில் இருந்துகொண்டு நம் வினையைக் கட்டத்துக்குள் போட்டார். நான் அவர் பக்கத்து நாட்டு வினையைக் கட்டத்துக்குள் போடுகிறேன். அவருக்கு வருஷக்கணக்கில் நேரம் இருந்தது. எனக்கு ராத்திரி எட்டு மணிக்கு போன் வந்துவிடும்.

முதல் நாலு நாள் போன் இப்படித்தான். நர்ஸ் அம்மா திரையில் வருவார், சிரிப்பார், மாமாவின் கட்டில் பக்கம் திரும்பி ஏதோ கேட்பார், பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு “நோ கியேரே” என்பார். நோ என்றால் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். கியேரே எனக்கு மட்டும் தெரியும். அவருக்கு வேண்டாமாம். பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். மாமா எப்போதும் வீட்டை ரெண்டாக்குகிற ஆள். லீவில் வந்தால் தெருப்பிள்ளைகளெல்லாம் எங்கள் வாசலில்தான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு நாலு நாளாக ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

ஆச்சிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சியே, “என்ன, வேணாங்கானா?” என்று கேட்டாள். ஸ்பானிஷ் எல்லாம் எதற்கு! பெற்றவளுக்குத் தலை ஆட்டுகிறதைப் பார்த்தாலே தெரிகிறது.

பிறகு ஆச்சி போனை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பெரு நாட்டு நர்ஸ் அம்மாவிடம் தமிழிலேயே சொன்னாள்: “எனக்கு எம் பிள்ளையப் பாக்கணும் தாயி.”

அந்த அம்மா என்னைத் தேடினார். “கே கியேரே லா செஞோரா?” பாட்டிக்கு என்ன வேணுமாம்?

இந்த இடத்தில்தான் நான் ஒரு நிமிஷம் திண்டாடினேன். ‘பாக்கணும்’ என்பதில் இருக்கிற ‘ணும்’ யார்? நம்ம ‘வேண்டும்’தான், தேய்ந்து தேய்ந்து வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பார்க்க வேண்டும். அது ஆசையா, கட்டாயமா? தமிழில் இரண்டும் ஒன்றுதான். ‘படம் பாக்கணும்’ என்றால் ஆசை. ‘டாக்டரைப் பாக்கணும்’ என்றால் கட்டாயம். ஸ்பானிஷில் ஆசைக்குக் கெரேர், கட்டாயத்துக்கு ‘தியேனே கே’ என்று வேறு சொல். நான் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஆச்சி முகத்தைப் பார்த்தேன். ஆசை என்று சொல்ல முடியாது, அதைவிடக் கனமாக இருந்தது. கட்டாயம் என்றும் சொல்ல முடியாது, அவள் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துகிறவள் இல்லை. சவேரியாருக்கு மொழிபெயர்த்த ஆட்களும் இப்படித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ!

“சு மமா கியேரே வெர்லோ” என்றேன். அவர் அம்மா அவரைப் பார்க்க வேணுமாம். (ஸ்பானிஷில் அம்மாவுக்கு மமா. எங்கள் வீட்டிலோ படுத்திருப்பவர் மாமா. இதை வைத்து என் தம்பி பண்ணிய அட்டகாசம் தனிக்கதை.)

சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கே அது போதவில்லை. முன்அறையில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், தம்பி இருந்தான், மாமாவின் கூட்டாளி ஒருவர் புன்னைக்காயலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கட்டத்தில் வலப்பக்கம் மேலே இருக்கிற சொல் ஞாபகம் வந்தது. “கெரேமோஸ். கெரேமோஸ் வெர்லோ.” நாங்கள். நாங்கள் எல்லோரும் பார்க்கணும்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரை ஆடிக்கொண்டே போனது. கூரை தெரிந்தது, விளக்கு தெரிந்தது, கட்டில் கம்பி தெரிந்தது. மாமாவிடம் அவர் ஸ்பானிஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். எனக்கு அதில் மூன்று சொல்தான் பிடிபட்டது: மமா, கியேரே, இன்னொரு தடவை கியேரே. மாமாவுக்கும் அவ்வளவுதான் புரிந்திருக்கும். ஒரு வாரமாக ‘தண்ணி கியேரே? தூங்க கியேரே?’ என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்த சொல் அல்லவா?

கொஞ்ச நேரம் கழித்து மாமாவின் முகம் வந்தது. தாடி. கண் உள்ளே போயிருந்தது. ஆச்சி, “காலக் காட்டுல” என்றாள். அவர் காட்டவில்லை. “சாப்டியால?” என்றாள். அவர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, “பழைய சோறு வேணும்மா” என்றார்.

பெரு நாட்டுக்காரர்களும் தினம் சோறு சாப்பிடுகிறவர்கள்தான், அது ஒரு புண்ணியம். ஆனால் பழைய சோற்றை எப்படிச் சொல்ல? “கியேரே அர்ரோஸ் கோன் ஆகுவா” என்றேன். தண்ணீரோடு சோறு வேணுமாம். நர்ஸ் அம்மா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்படிச் சிரித்தார். மறுநாள் ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு எலுமிச்சைத் துண்டும் வைத்து, படம் எடுத்து அனுப்பினார். புளிக்காத பழைய சோறு! மாமா அதைக் குடித்தாராம்.

அதற்கப்புறம் தினமும் பேசினார். நான் ஒவ்வொரு நாளும் ஒரு வினை சேர்த்துக்கொண்டேன். துயெர்மே, தூங்குகிறார். புயேதே, முடிகிறது. எதிரில் ‘ஒ’ உடைந்து வந்தால் உடனே அடையாளம் தெரிந்தது. அகராதியில் எங்கே போய்த் தேட வேண்டும் என்றும் கை தானாகப் போயிற்று. ஒருநாள் ஆச்சி வழக்கம்போல ‘சாப்பிடச் சொல்லு, போர்த்திப் படுக்கச் சொல்லு’ என்று அடுக்கிக்கொண்டே போக, நான் மூச்சு வாங்கி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, “லோ கியேரே முச்சோ” என்றார். அகராதிப்படி போனால் ‘அவரை ரொம்ப வேணும் அவளுக்கு’. ஸ்பானிஷில் பாசத்துக்கும் இதே வினைதான். நான் ஆச்சியிடம் அதை அப்படியே தமிழில் சொன்னேன், “அவங்க ஒனக்கு ரொம்ப வேணுமாம்” என்று. ஆச்சி, “பின்ன வேணாமா?” என்றாள்.

ஐந்தாவது வாரம் மாமாவை விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். தூத்துக்குடி வாகைக்குளத்தில் கையூன்றிக் கட்டையோடு இறங்கினார். இப்போது கட்டை இல்லாமல் நடக்கிறார், படியில் மட்டும் மெதுவாக. சாயங்காலம் ஆனால் ஆறு கடலில் சேருகிற முனைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். கப்பலுக்குத் திரும்பப் போவாரா மாட்டாரா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டது நர்ஸ் அம்மாதான். போன மாதம் ஒரு செய்தி வந்தது, “வுயெல்வே அல் மார்?” என்று. திரும்பவும் கடலுக்குப் போகிறீர்களா?

மாமா என்னிடம் போனைக் கொடுக்கவில்லை. அகராதியையும் கேட்கவில்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே பதில் எழுதி அனுப்பினார்: “கியேரோ. மி மமா நோ கியேரே.”